தொடாமலே தள்ளிவிடும் தாய்ச்சி 'மகாகுரு': அப்பாவிடம் எப்படிப் பேசுவது?

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுக்கிறார். இடது முழங்காலில் தேய்மானம். தோ பாயோவில் சமூக மன்றத்தில் தாய்ச்சி (மெதுவாக அசைந்து செய்யும் சீனத் தற்காப்புக் கலை) வகுப்புக்கு ஒன்றரை வருடம் போய்வந்தார், நன்றாகவே இருந்தது. மூன்று மாதத்துக்கு முன் நண்பர் ஒருவர், தன்னை 'மகாகுரு' என்று சொல்லிக்கொள்ளும் ஒருவரிடம் கூட்டிப்போனார். அவர் தொடாமலே சீடர்களைத் தள்ளிவிடுகிறாராம். அப்பாவை லேசாகத் தொட்டதும் அப்பா மூன்றடி பின்னால் போய்விட்டாராம். 'நானே உணர்ந்தேன்' என்கிறார். இப்போது 'உள்சீடர்' ஆகும் சடங்குக்கு 3,800 வெள்ளி கேட்கிறார்கள். சி சக்தி என்கிற உயிர்ச்சக்தி உடம்பில் நிலைத்ததும் மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். சண்டைக்காரர் ஒருவர் தாய்ச்சி குருவை அடித்துச் சாய்க்கும் காணொளியைத் தம்பி காட்டினான். அப்பா இரண்டு நாள் எங்களுடன் பேசவில்லை. தாய்ச்சியே ஏமாற்றுதானா? அவரிடம் என்ன சொல்வது?
– வாசகி, சிங்கப்பூர்

பதில்: மாத்திரை விஷயம்தான் முதலில். மற்றதெல்லாம் ஒரு மாதம் காத்திருக்கலாம், இது காத்திருக்காது.

ரத்த அழுத்தம் ஏறுவது பெரும்பாலும் உடம்புக்குத் தெரியாது. 'நன்றாகத்தான் இருக்கிறேன், அதனால் குறைத்துவிட்டேன்' என்ற கணக்கு இங்கே செல்லாமல் போவது அதனால்தான். அட்டெனோலால், பிசோப்ரோலால் போன்ற பீட்டா தடுப்பி வகை மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் நாடித் துடிப்பும் அழுத்தமும் எகிறலாம். இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருப்பவருக்கு அது நெஞ்சுவலியில், சிலசமயம் மாரடைப்பில் கொண்டுபோய் விடும். தாய்ச்சி செய்தால் அழுத்தம் ஓரளவு குறைகிறது என்று காட்டிய ஆய்வுகள் உண்டு, மறுக்கவில்லை. அப்படிக் குறைந்திருந்தால் கருவியில் தெரியும். காலையும் மாலையும், ஐந்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்த பிறகு, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து எழுதச் சொல்லுங்கள். இரண்டு வாரக் கணக்கைப் பலதுறை மருந்தகத்துக்கு எடுத்துப்போகட்டும். எண் இறங்கியிருந்தால் மாத்திரையை டாக்டரே குறைப்பார்.

சர்க்கரை மாத்திரையின் பெயரையும் பாருங்கள். கிளிபிசைட், கிளிக்லசைட், கிளிமெபிரைடு இவற்றில் ஒன்றாக இருந்தால், விடியற்காலையில் வெறும் வயிற்றோடு பயிற்சிக்குப் போகக் கூடாது. சர்க்கரை இறங்கிக் கை நடுங்கும், வியர்க்கும், படபடக்கும். அந்த நடுக்கத்தைப் பார்த்து 'சக்தி ஓடத் தொடங்கிவிட்டது' என்று பக்கத்தில் இருப்பவர் விளக்கம் சொன்னால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மூன்று தேக்கரண்டி சர்க்கரைக்குச் சமமான இனிப்பு எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கட்டும்.

இனி அந்த மூன்றடிக்கு வருவோம். இங்கேதான் உங்கள் தம்பி தவறான இடத்தில் கைவைத்துவிட்டார். அப்பா பின்னால் போனது நிஜம். அதற்குச் சொல்லப்பட்ட காரணம்தான் பொய். இரண்டையும் ஒன்றாகக் கட்டி 'எல்லாம் பித்தலாட்டம்' என்றால், தன் உடம்பில் நடந்ததையே இல்லை என்று சொல்லச் சொல்வதாக அவருக்குப் படும். எந்த மனிதருக்கும் கோபம் வரும்.

வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். முதலில் உங்களையே தள்ளச் சொல்லுங்கள். அப்பாவின் முறை வரும்போது பின்னால் சோபா இருக்கட்டும், பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். பாதங்களைத் தோள் அகலத்தில் பக்கத்துக்குப் பக்கமாக வைத்து நேராக நிற்க வேண்டும். தள்ளுபவர் மார்பெலும்பின் நடுவில் இரண்டு விரலை வைத்து மெதுவாக அழுத்தத் தொடங்கினால், கொஞ்ச அழுத்தத்திலேயே கால்விரல்கள் தரையை விட்டு எழும், நிற்பவர் பின்னால் அடி வைப்பார். இப்போது ஒரு காலை ஓரடி முன்னால் வைத்து நிற்கச் சொல்லித் தள்ளுங்கள். அதே அழுத்தத்துக்கு அசையமாட்டார். ஆனால் தோளில் பக்கவாட்டில் தள்ளினால் போய்விடுவார். இரண்டு கால் உள்ள எல்லோருக்கும் ஒரு பலவீனக் கோடு உண்டு: இரு பாதங்களையும் இணைக்கும் கோட்டுக்குச் செங்குத்தாக அது ஓடும். அந்தத் திசையில் தள்ளினால் பெரிய பலம் தேவையில்லை. வந்தவரைப் பாதங்களை இணையாக வைத்து நிற்கச் சொல்லிவிட்டு நேர் எதிரே நின்று தள்ளிக் காட்டுவது இந்த வித்தையில் வழக்கமான தொடக்கம். அன்றைக்கு எப்படி நிற்கச் சொன்னார்கள் என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு பாதி, நேரம். குரு நம் முன்கையில் லேசாகத் தொட்டு மெல்ல அழுத்துவார். நாம் நம்மையறியாமல் எதிர்த்து அழுத்துவோம். அவர் கையைச் சட்டென்று தளர்த்தினால் நாம் முன்னே சரிவோம், சரிவைத் தடுக்க உடம்பு தானாகவே பின்னே இழுத்துக்கொள்ளும். சரியாக அந்த நொடியில் உள்ளங்கையால் ஒரு சின்னத் தள்ளல். ஏற்கெனவே பின்னே கிளம்பிவிட்ட உடம்போடு அது சேர்ந்துகொள்ளும். மூன்றடியில் இரண்டரை அடி அப்பாவின் சொந்த உழைப்பு. கைப்பலம் எதுவும் படாததால்தான் 'ஏதோ சக்தி' என்று தோன்றுகிறது.

இது சும்மா வருகிற திறமை இல்லை. துய்ஷோ என்னும் கைதள்ளும் பயிற்சியில் இருவர் முன்கைகளை ஒட்டவைத்துக்கொண்டு இதைத்தான் ஆண்டுக்கணக்கில் பழகுகிறார்கள். எதிராளி எப்போது, எந்தப் பக்கம் நிலை இழக்கிறார் என்பதைத் தோல் வழியே கேட்பது தாய்ச்சியின் அழகான பகுதி. 'சமநிலையைப் படிக்கக் கற்றிருக்கிறேன்' என்று மட்டும் அந்த ஆசிரியர் சொல்லியிருந்தால், அவரிடமே கற்றுக்கொள்ளுங்கள் என்று எழுதியிருப்பேன்.

இதே குடும்பத்தில் வேறு வித்தைகளும் உண்டு. எட்டுப் பேர் வரிசையாக ஒருவர் முதுகை ஒருவர் தள்ள, முன்னால் நிற்கும் குரு அசையமாட்டார். பார்க்க மலைப்பாக இருக்கும். முதல் ஆள் கையை மடக்கி வழிவிட்டால் ஒழிய, பின்னால் இருப்பவர்களின் தள்ளல் ஒவ்வொருவர் கால் வழியாகவும் தரைக்கு இறங்கிவிடும். குரு தாங்குவது ஏறக்குறைய ஒரே ஆளின் விசையை. அந்த ஒருவரின் முழங்கையையும் அடியிலிருந்து சற்றே மேல்நோக்கி ஏந்திவிட்டால், அவருடைய கால் தரையில் பிடிப்பை இழக்கும். அமெரிக்காவில் 1880களில் லூலூ ஹர்ஸ்ட் என்ற பதின்வயதுப் பெண் இதே விசைத் திருப்பலை மேடையில் காட்டித் தடித்த ஆண்களைத் திணறடித்தார். பிறகு அது எப்படி நடந்தது என்று அவரே விளக்கியும் எழுதினார்.

தொடாமல் தள்ளுவது வேறு சமாச்சாரம். அங்கே திறமையே இல்லை, பழக்கம் மட்டும்தான். ஆரம்பத்தில் குரு தொட்டுத் தள்ளுவார். அடுத்த மாதங்களில் தொடும் முன்பே சீடர் துள்ளத் தொடங்குவார். துள்ளியவருக்குப் பாராட்டு, துள்ளாதவருக்கு 'உணர்வு இன்னும் திறக்கவில்லை' என்ற பெயர். பெரும்பாலோர் நடிக்கவில்லை. குருவின் கை அசைந்ததும் உடம்பு தானாகப் பதில் சொல்கிறது. 1988இல் அமெரிக்காவிலிருந்து அறிவியல் ஐயவாதிகள் குழு ஒன்று சீனாவுக்குப் போனபோது, வெளிப்படும் சி சக்தியைச் சோதித்தது. குருவை ஓர் அறையிலும் நோயாளியை இன்னோர் அறையிலும் வைத்தார்கள். குரு சக்தி அனுப்பிய நேரத்துக்கும் நோயாளி அசைந்த நேரத்துக்கும் தொடர்பே இல்லை. பார்க்க முடியாவிட்டால் வித்தை நின்றுவிடுகிறது. அமெரிக்கக் கராத்தே ஆசிரியர் ஜார்ஜ் டில்மனின் தொடாத அடி தொலைக்காட்சிச் சோதனையில் ஒரு வெளியாளிடம் பலிக்காதபோது, அந்த வெளியாள் நாக்கை வைத்திருந்த இடமோ கால் பெருவிரலோ காரணமாக இருக்கலாம் என்று விளக்கம் வந்தது. எல்லாத் தோல்விக்கும் ஒரு விளக்கம் தயாராக இருக்கும் சக்தியை எந்தச் சோதனையும் தோற்கடிக்காது. அதனால் நிபந்தனைகளை முன்கூட்டியே பேசி ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்பாவுக்கு ஆர்வம் இருந்தால் மரியாதையாக இப்படிக் கேட்கலாம். வழக்கமாகத் துள்ளும் சீடரே போதும். அவர் குருவுக்கு முதுகைக் காட்டி, காதில் பாட்டு கேட்டபடி நிற்கட்டும். மூன்றாமவர் நாணயம் சுண்டுவார்: தலை விழுந்தால் குரு சக்தி அனுப்ப வேண்டும், பூ விழுந்தால் சும்மா நிற்க வேண்டும். 'வந்தது', 'வரவில்லை' என்று சீடர் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். பத்து முறை. வெறும் குருட்டு அதிர்ஷ்டத்தில் ஒன்பதோ பத்தோ சரியாக வர நூற்றில் ஒரு வாய்ப்புதான் உண்டு. ஐந்து, ஆறு, ஏழு சாதாரணமாக வரும். யாரையும் அடிக்க வேண்டாம், அவமதிக்க வேண்டாம். கேட்டதும் குருவுக்குக் கோபம் வந்தால், அதையும் அப்பா பார்க்கட்டும்.

'உள்ளங்கை சூடாகிறது, தொடை அதிர்கிறது' என்றும் சொல்லியிருப்பாரே? மூச்சு நிதானமாகித் தசை தளர்ந்தால் கைக்கு ரத்த ஓட்டம் கூடும், சூடாகும். முழங்காலை மடக்கி நின்றபடி மூன்று நிமிடம் போனால் தொடைத்தசை களைத்து நடுங்கும். உதடும் விரல்நுனியும் மரத்துப்போனால் அது நல்லதல்ல, தேவைக்கு அதிகமாக மூச்சு வாங்குகிறார் என்று பொருள். நிறுத்தி உட்கார வேண்டும்.

பட்டங்களைப் பற்றிச் சுருக்கமாக. தாய்ச்சியின் வரலாற்றில் உறுதியாகத் தெரிவது ஹெனான் மாநிலத்தின் சென்ஜியாகோ கிராமம். 17ஆம் நூற்றாண்டின் சென் வாங்திங்கை அந்தக் குடும்பம் முதல்வராகச் சொல்கிறது. அங்கே கற்ற யாங் லுச்சான் (1799–1872) கலையைப் பெய்ஜிங்குக்குக் கொண்டுபோனார். அவர் பேரன் யாங் செங்ஃபூ பரப்பிய அகலமான, மெதுவான முறைதான் இன்று பூங்காக்களில் பெரும்பாலும் காண்பது. சமூக மன்றத்தில் அப்பா கற்றது 24 அசைவு வரிசையாக இருந்தால், அது 1956இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் பொதுமக்களுக்காகச் சுருக்கித் தொகுத்தது. ஜாங் சான்ஃபெங் என்ற தாவோ துறவி கனவில் கண்டு உருவாக்கினார் என்பது புராணம். வரலாற்றாய்வாளர் தாங் ஹாவ் 1930களிலேயே சென் கிராமத்துக்குப் போய் ஆராய்ந்து அதை மறுத்துவிட்டார். 'ஜாங் சான்ஃபெங்கிடமிருந்து நேரடிப் பரம்பரை' என்று சுவரில் மாட்டியிருந்தால், அந்தப் பட்டியலில் சரிபார்க்க வேண்டிய இடம் மேலே இல்லை, கீழே: அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் யார், எந்த ஊர், எத்தனை ஆண்டு, உடன் கற்றவர்கள் இப்போது எங்கே. நேர்மையான ஆசிரியருக்கு இது இரண்டு நிமிடப் பேச்சு. சீன வூஷு (தற்காப்புக் கலை) சங்கத்துக்கு ஒன்று முதல் ஒன்பது வரை தரவரிசை உண்டு. 'ஒன்பதாம் தரம்' என்பவரிடம், எந்த அமைப்பு, எந்த ஆண்டு என்று கேட்கலாம். 2020 ஜூலையில் அதே சங்கம், 'மகாகுரு', 'தலைவர்', 'அசல் வாரிசு' என்றெல்லாம் தங்களைத் தாங்களே அழைத்துக்கொள்ள வேண்டாம் என்று தற்காப்புக் கலைஞர்களுக்கு வேண்டுகோள் விடுத்தது. அந்த அளவுக்கு அங்கேயே தொல்லை.

உள்சீடர் சடங்கு மட்டும் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. மண்டியிட்டுத் தேநீர் கொடுத்து, அங்பாவ் (பணம் வைத்த சிவப்பு உறை) வைத்து, குருவை ஏற்பது பழைய சீன வழக்கம். ஆனால் வழக்கத்தில் குருதான் மாணவரை ஆண்டுக்கணக்கில் கவனித்துவிட்டுக் கூப்பிடுவார், அங்பாவில் என்ன இருக்கிறது என்பது கொடுப்பவரின் விருப்பம். மூன்று மாதத்தில், தொகை குறித்து, தேதி குறித்து வந்தால் அது கட்டணம். கட்டணம் என்றால் கேள்வியும் கட்டணத்துக்கு உரியதுதான்: எத்தனை வகுப்பு, என்ன பாடம், இடையில் நின்றால் எவ்வளவு திரும்பும்.

தம்பி காட்டிய காணொளி 2017 ஏப்ரலில் செங்துவில் நடந்ததாக இருக்கும். கலப்புச் சண்டைக்காரர் சூ சியாவ்தோங், வெய் லெய் என்ற தாய்ச்சி ஆசிரியரை அரை நிமிடத்துக்குள் சாய்த்தார். 2020 மே மாதம் 69 வயதுத் தாய்ச்சி ஆசிரியர் மா பாவ்குவோ, தொழில்முறைச் சண்டைக்காரராக இல்லாத ஒருவரிடம் சுமார் அரை நிமிடத்தில் மூன்று முறை விழுந்தார். இவற்றிலிருந்து ஒன்று தெளிவு: ஒத்துழைக்கும் சீடர்களோடு மட்டும் பழகியவருக்கு, முகத்தை நோக்கி வரும் குத்தை எப்படிச் சமாளிப்பது என்று தெரியாது. இது புதிய செய்தியுமல்ல. 1954 ஜனவரியில் மக்காவில் தாய்ச்சி ஆசிரியர் வூ குங்யிக்கும் வெண்கொக்கு என்ற இன்னொரு சீனத் தற்காப்புப் பாணியின் சென் கெஃபூவுக்கும் நடந்த போட்டியின் படப்பதிவு இன்றும் கிடைக்கிறது. தீர்ப்பில்லாமல் முடிந்த அந்தச் சண்டையில் கதைகளில் வரும் பறத்தலும் பாய்ச்சலும் எதுவும் இல்லை. ஆனால் உங்கள் அப்பா சண்டைக்குப் போகவில்லை. 67 வயதில் குளியலறையில் வழுக்கி விழாமல் இருக்கப் போகிறார். அந்தக் கேள்விக்குக் காணொளியில் பதில் இல்லை. இன்னொன்று: சென் குடும்பத்தின் மூத்த ஆசிரியர் ஒருவரை மோசடிக்காரர் என்று சொன்னதற்காக அதே சூவைப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு இழப்பீடும் தரச் சொல்லி 2019இல் சீன நீதிமன்றம் உத்தரவிட்டது. உங்கள் மகாகுருவின் பெயரைப் போட்டுத் தம்பி இணையத்தில் எழுதாமல் இருப்பது நல்லது.

விழாமல் இருப்பதற்குத் தாய்ச்சி உதவுகிறதா? உதவுகிறது. உடற்பயிற்சியும் விழுதலும் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த 2019ஆம் ஆண்டின் காக்ரன் ஆய்வில், தாய்ச்சி செய்த முதியோரில் விழுந்தவர்கள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. முழங்கால் தேய்மானத்துக்கு 2016இல் 204 பேரிடம் செய்த அமெரிக்க ஆய்வில், வாரம் இரண்டு தாய்ச்சி வகுப்பு 12 வாரத்தில் வழக்கமான இயன்முறைச் சிகிச்சைக்கு நிகரான பலன் தந்தது. 2018இல் 70 வயதைக் கடந்த 670 பேரிடம் நடந்த ஆய்வில் கற்பித்தது எட்டே எட்டு அசைவுகளை அடிப்படையாகக் கொண்ட பாடம். பலன் வந்தது எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மெதுவாக மாற்றி மாற்றிப் பழகியதில்தான். அதற்கு மகாகுரு தேவையில்லை. முழங்காலைப் பார்க்கத் தெரிந்த ஆசிரியர் தேவை.

அதைத்தான் வகுப்புக்குப் போய்ப் பாருங்கள். மேகக் கைகள், குதிரைப்பிடரி என்ற தாய்ச்சி அசைவுகளில் திரும்பும்போது, எடை ஏறிய பாதத்தை அப்படியே திருகுகிறார்களா? தாய்ச்சியில் முழங்கால் கெடுவதற்கு முக்கியக் காரணம் அதுதான். எடையைப் பின்காலுக்கு மாற்றி, முன்பாத விரல்களைத் தூக்கி, இடுப்போடு சேர்த்துச் சுமார் 45 பாகை திருப்பி, அதன்பிறகே எடையை ஏற்ற வேண்டும். முன்முழங்கால் இரண்டாவது கால்விரலின் திசையில் நிற்க வேண்டும், உள்ளே சரியக் கூடாது, விரல்நுனியைத் தாண்டக் கூடாது. இரண்டு பாதத்துக்கும் இடையில் தோள் அகலம் வேண்டும். கயிற்றின்மேல் நடப்பதுபோல் ஒரே கோட்டில் வைத்தால் தள்ளாடுவார். பாம்பு கீழிறங்கும் அசைவில் தரையளவு தாழ்வது அப்பாவுக்கு வேண்டவே வேண்டாம். 'வலியைத் தாண்டினால் சக்தி வரும்' என்ற பேச்சு காதில் விழுந்தால் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பலாம். பயிற்சியில் வலி பத்துக்கு மூன்றைத் தாண்டினாலோ, மறுநாள் காலையும் நீடித்தாலோ, முட்டி வீங்கினாலோ, அடுத்த முறை இன்னும் நிமிர்ந்து நின்று செய்ய வேண்டும். ஒற்றைக்கால் சேவல் நிலையை, கைக்கெட்டும் தூரத்தில் நாற்காலி இல்லாமல் கற்றுக்கொடுப்பவரிடம் முதியவரை அனுப்ப எனக்கு மனம் வராது.

அப்பாவுக்கு நம்பிக்கை தருவது அளவுதான் என்று நினைக்கிறேன். சுமார் 43 செ.மீ. உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிவைத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 வினாடியில் எத்தனை முறை எழுந்து உட்காருகிறார் என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயது ஆண்களுக்குப் பன்னிரண்டுக்குக் கீழே என்றால் குறைவு. பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எவ்வளவு நேரம்? 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் கவனிக்கப்பட வேண்டியது. இன்று ஒரு முறை, 12 வாரம் கழித்து ஒரு முறை. எந்த வகுப்பு எண்ணை மாற்றுகிறது என்று அவரே பார்க்கட்டும்.

பேசும்போது காணொளியை எடுக்காதீர்கள், தம்பியும் பக்கத்தில் வேண்டாம். 'அப்பா, அன்னைக்கு உங்களைத் தள்ளினாரே, எப்படி நின்னீங்க, எனக்கும் காட்டுங்க' என்று தொடங்குங்கள். அவரே உங்களைத் தள்ளிப் பார்க்கட்டும். நீங்கள் பின்னால் போவீர்கள், அவருக்குச் சி சக்தி இன்னும் நிலைக்கவில்லையே என்று நீங்கள் சொல்ல வேண்டியதுகூட இல்லை. நண்பருக்காகத்தான் அங்கே போகிறார் என்றால், சாதாரண மாதக் கட்டண வகுப்பில் தொடரட்டும். சடங்கை மட்டும் ஆறு மாதம் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். நல்லெண்ணம் உள்ள குரு காத்திருப்பார். 'இந்த வாரத்துக்குள் கட்டினால்தான்' என்றால் அப்பாவுக்கே உறைக்கும்.

பணம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. கட்டியிருந்தால் ரசீது, கைபேசி உரையாடல், மாத்திரையைக் குறைக்கலாம் என்று எழுதிய செய்தி ஏதும் இருந்தால் அது, எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். முதலில் எழுத்தில் திருப்பிக் கேளுங்கள், பிறகு பயனீட்டாளர் சங்கமான கேஸ். அதுவும் பலிக்காவிட்டால் சிறு தொகை வழக்குகளுக்கான நடுவர் மன்றம் இருக்கிறது: 20,000 வெள்ளிவரை, இரண்டு ஆண்டுக்குள், வழக்கறிஞர் இல்லாமல்.